அதுக்கென்ன அண்ணாச்சி

எங்கள் சந்தில் யாருக்கு எது குறைந்தாலும் முதலில் போய் நிற்பது அந்த வீட்டு வாசலில்தான். ஏணி, குடை, பந்திப்பாய், ஆஸ்பத்திரிக்குத் துணை, கோர்ட்டுக்குச் சாட்சி, எதைக் கேட்டாலும் ஒரே பதில். "அதுக்கென்ன." நாம் கேட்டு முடிப்பதற்குள் தலை ஆட ஆரம்பித்துவிடும். திருவிதாங்கூரின் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில், பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதுக்கென்ன அண்ணாச்சி என்றால் தபால்காரருக்கும் தெரியும், பால்காரிக்கும் தெரியும்.

நான் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அங்கே வந்தவள். என் வீட்டுக்காரருக்கு மிளகு மண்டியில் வேலை. எங்கள் வீட்டுக்கும் அண்ணாச்சி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். வந்த புதிதில், இப்படியும் ஒரு தங்கமான மனுஷரா என்று வாயைப் பிளந்தேன். கொஞ்ச நாள் போனதும்தான் விஷயம் புரிந்தது. அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். ஆகவே ஒரே குடையை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் வந்து நிற்கும்போது தான் போய் மழையில் நிற்பார். நனைந்து காட்டினால் குடை இரண்டாகிவிடுமா என்ன?

சந்தின் கோடியில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் கிணற்றுச் சுவரைப் பற்றித் தகராறு. இருவரும் தனித்தனியே வந்து, பெரியவர்கள் முன்னால் என் பக்கம் பேசவேண்டும் என்று அவரைக் கேட்டார்கள். இருவரிடமும் அதுக்கென்ன. பேச்சு நடந்த அன்று எல்லாரும் அவர் முகத்தையே பார்க்க, அவர் வேர்த்து விறுவிறுத்து, "ரெண்டு பேரு சொல்லுகதும் ஞாயம்தானே" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்காக நாங்கள் வெட்கப்படுவது அப்படித்தான் ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது எங்களுக்கு ஒரு பழக்கம் மாதிரி ஆகிப்போனது.

அவர் நாஞ்சில் நாட்டுக்காரர். சைவக் குடும்பம். முட்டை விழுந்த பாத்திரத்தை வீட்டுக்குள் விடமாட்டார்கள். பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரொம்ப வருஷம் பெரிய கிளார்க்காக இருந்தார். தோட்டத்துத் துரை ஸ்காட்லாந்துக்காரர். துரைக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாச்சு, பிள்ளை கிடையாது. சுதந்திரம் வந்ததும் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பினவருக்குக் கை நடுக்கம், இரண்டு கண்ணிலும் புரை. கூட வந்து ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிறாயா என்று கிளார்க்கைக் கேட்டிருக்கிறார். கிளார்க் என்ன சொல்லியிருப்பார்?

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?" என்று மதினி, அண்ணாச்சியின் மனைவி, கிணற்றடியில் என்னிடம் சொல்வாள். "தொரைகிட்ட தலைய ஆட்டிட்டு வந்து, கம்பளிச் சட்டை தைக்கதுக்கு இங்க ஆளு கிட்டுமான்னு எங்கிட்ட கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?"

போனவர் உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் பாலையும் தின்று, கொண்டுபோன ரசப்பொடி தீர்ந்த பிறகு வெறும் புளித்தண்ணீரைக் காய்ச்சிக் குடித்து, உடம்பு பாதியாகித் திரும்பி வந்தார். வந்து ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்த்தார். நான் கல்யாணமாகி வந்தது அதற்குச் சில மாசம் கழித்து. சீமையிலிருந்து அவர் கொண்டுவந்தது இரண்டே சாமான். ஒன்று, மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற ஒரு தூண்டில் கம்பு. மாட்டி நிறுத்தினால் கூரையை இடிக்கும். இன்னொன்று, ஈக்கள் அடுக்கின ஒரு தகரப் பெட்டி.

ஈ என்றுதான் அதற்குப் பெயர். பார்த்தால் ஈ மாதிரி ஒன்றும் இருக்காது. மீனை ஏமாற்ற, கொக்கியை மறைத்து இறகும் ஜரிகையும் பட்டும் சுற்றினது. ஒவ்வொன்றின் கன்னத்திலும் அரக்குச் சொட்டினதுபோல ஒரு பளபளப்பான புள்ளி. "இது என்ன இறகு தெரியுமா தங்கச்சி? நம்ம பொன்முடிக் காட்டுச்சேவலுக்க கழுத்து இறகு. தோட்டத்து லயத்துப் பயக்க கண்ணி வச்சுப் பிடிப்பானுவ. தொரை வருஷா வருஷம் ஊருக்கு அனுப்புவாரு. நம்ம சேவலு எனக்கு முன்னாலயே சீமைக்குப் போயாச்சு" என்று அவர் சொன்னபோது முகத்தில் என்ன பெருமை!

அவரைப் பேச வைக்கவேண்டுமானால் அந்த ஆற்றைப் பற்றிக் கேட்டால் போதும். ஸ்பே என்று ஆறு. மாசி பங்குனியில், நமக்கு வேர்த்து ஊற்றும்போது அங்கே கரையில் பனி கிடக்குமாம். அப்போது கடலிலிருந்து சால்மன் என்கிற பெரிய மீன் ஆற்றில் ஏறும். ஏறின நாளிலிருந்து, ஐப்பசி கார்த்திகையில் முட்டையிடுகிற வரைக்கும் ஒன்றுமே சாப்பிடாது.

"அப்ப அந்த ஈயைக் கண்டு எதுக்கு வாயத் தொறக்குது?" என்று கேட்டேன்.

"அது தொரைக்கும் தெரியாது. அந்த ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது. விரதம் இருக்கப்பட்டவன் மூக்குக்கு முன்னால முறுக்கை ஆட்டினா, கை தன்னால போகாதா? அப்படியாக்கும்." அவரே சிரித்துக்கொள்வார். ஆனி ஆடியில் கடல் டிரௌட் என்று இன்னொரு மீன் ஏறுமாம். சின்னது, ஆனால் ரொம்பச் சூட்டிகை. அதைப் பிடிப்பதற்காகத்தான் துரை பொன்முடியில் இருந்த வருஷமெல்லாம் ஏங்கிக்கொண்டிருந்தாராம். "பிடிச்சாரா?" என்றால் மட்டும் அண்ணாச்சி பேச்சை மாற்றிவிடுவார். "அப்புறம் அவருக்கு ஆத்துப் பக்கம் போக மனசில்லை" என்பார். ஏன் என்று நான் துருவவில்லை.

கதையோடு நின்றிருந்தால் தொந்தரவில்லை. கம்பைக் கொடுக்கும்போது துரை சொல்லியிருக்கிறார்: நூல் பட்டுநூல், சும்மா வைத்தால் இற்றுப்போகும், அடிக்கடி தண்ணீரில் வீசி நனைத்து, காயவைத்து, எண்ணெய் தடவி வை. இவர் தலையாட்டியிருக்கிறார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கரமனை ஆற்றில், முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துரை கொடுத்த கம்பளித் தொப்பியோடு, அந்தக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து வீசிக்கொண்டிருப்பார். நுனியில் கொக்கி கிடையாது. ஒரு துணுக்குச் சிவப்புக் கம்பளி நூல், அவ்வளவுதான். அது யாருக்குத் தெரியும்? நூல் வளைந்து பறந்து, நடு ஆற்றில் சத்தமில்லாமல் போய் விழும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் குளிக்கிற துறையில் நாலு பேர் பார்க்க ஒரு சைவப்பிள்ளை தூண்டில் போடுகிற அழகை யார் ரசிப்பார்கள்? துணி துவைக்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மதினி அந்தத் துறைக்குக் குளிக்கப் போவதையே விட்டுவிட்டாள்.

"வல்லதும் கிட்டியோ, பிள்ளே?" என்று அக்கரையில் இருந்த ஒரு மலையாளத்துக் கிழவர் எப்போதும் கேட்பார். ஏதாவது கிடைத்ததா என்று. இவர் தலையாட்டுவார். ஒரு நாள் அந்தக் கிழவர், என் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, வாய்க்கு ருசியாக ஒரு மீன் கொடேன் என்று கேட்டுவிட்டார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கொக்கியே இல்லை ஐயா என்று சொல்லிவிட்டு வருவீர்கள். இவர் அதுக்கென்ன என்று சொல்லிவிட்டு, நேராகச் சாலைக் கடைத்தெருவின் மீன் சந்தைக்குப் போய், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு மீனை விலைக்கு வாங்கி, இலைப்பொதியாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மீன் சந்தையில் வைத்து அவரைப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்கு நாகர்கோவிலில் சொந்தக்காரர்கள் உண்டு. அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடுதான் இருந்தது. பேச்சு பஸ் ஏறிப் போக எந்தத் தடையும் இல்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள்.

ஒரே மகள். வாத்தியார் டிரெயினிங் முடித்தவள். நல்ல நிறம், நல்ல பேச்சு, அப்பாவைப் போல இல்லாமல் எதையும் பளிச்சென்று சொல்கிறவள். அவளுக்கு முன்னமே ஒரு சம்பந்தம் கூடிவந்து கெட்டுப்போயிருந்தது. எப்படி என்று நான் சொல்லவா வேண்டும்? இரண்டு குடும்பங்கள் ஒரே வாரத்தில் வந்து கேட்டார்கள். அவர் இரண்டு பேரிடமும் சம்மதம் சொல்லிவிட்டார். ஒரு கோயில் வாசலில் இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரை ஒருவர் சந்தித்துப் பேசும்போது விஷயம் உடைந்தது. இரண்டு பேரும் வந்து தாறுமாறாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அந்தப் பெண் என் அடுக்களையில் வந்து உட்கார்ந்து பயறு பொறுக்கினாள். பொறுக்கின பயறையே மறுபடி மறுபடி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது பேறுகாலத்துக்கு அம்மாவால் வரமுடியவில்லை. மதினிதான் எல்லாம் பார்த்தாள். பிரசவ மருந்துக்குச் சாமான் வாங்க என் வீட்டுக்காரர் மறந்துபோக, அண்ணாச்சி சாலைக் கடைக்குப் போய் சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். பொட்டலத்தை நடையில் வைத்தவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். பிள்ளையை மடியில் போட்டிருந்த மதினி, "வெக்கப்படாண்டாம், நல்லாத் தின்னு. பச்சை உடம்பு. வயிறு கெடந்து எரியும்" என்றாள்.

நடையில் நின்றவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "மீனுக்கும் அப்படித்தான்" என்றார்.

"என்னத்தச் சொல்லுகியோ?" என்றாள் மதினி.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ஆத்துல மாசி பங்குனியில ஏறி வரப்பட்ட மீனும் உண்டு, எறங்கிப் போகப்பட்ட மீனும் உண்டு. ஒரே ஆழக் கசத்துல ரெண்டும் கெடக்கும். ஏறி வரதுக்குப் பசி கெடையாது. எறங்கிப் போறது, முட்டை போட்டு, பனிக்காலம் பூரா கெடந்து, எலும்பும் தோலுமாக் கடலுக்குத் திரும்புகது. அதுக்காக்கும் பசி. எதக் கண்டாலும் பாஞ்சு கவ்வும். அதைக் கொல்லப்படாதுன்னு அங்க சட்டம். சட்டத்த விடு, அது மானக்கேடு. மாட்டினா பைய எடுத்துத் தண்ணியில விட்டிரணும்."

சோறு என் கையிலேயே இருந்தது.

"கரையில கூட நிக்கதுக்கு அந்த ஊரு ஆளு ஒருத்தன் உண்டும். அன்னைக்கு அவன் சாப்பாடு எடுக்கப் போயிருந்தான். தொரைக்கு மாட்டிச்சு. அந்த நடுங்குற கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் மல்லுக்கட்டிக் கரைக்குக் கொண்டாந்தாரு. எங் கையில இரும்புக் கொக்கி. கரைக்கு வந்ததும் குத்தி இழுக்கணும். கப்பல்ல வச்சே கேட்டாரு, அதைச் செய்வியான்னு. நான்தான் செய்யுகேன்னு ஏத்துக்கிட்டேன். மீனு கிட்ட வந்துது. பாத்தேன். தலை பெருசா, உடம்பு ஒட்டிப்போயி, வாலு கிழிஞ்சு கெடக்கு. இது எறங்கிப் போறதுன்னு எனக்கு மனசிலாச்சு, தங்கச்சி. நல்லா மனசிலாச்சு. தொரைக்குக் கண்ணு தெரியல்லை. குத்து, குத்துன்னு சத்தம் போடுகாரு. முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி இருக்கு. வேண்டாம் சார்னு ஒரு வார்த்தை சொல்லணும். வரல்லை. கை போயிட்டுது."

பிள்ளை சிணுங்கியது. மதினி தொடையை ஆட்டினாள்.

"அந்த ஆளு சாப்பாட்டுப் பெட்டியோட வந்தான். புல்லுல கெடந்த மீனைப் பாத்தான். தொப்பியக் கழட்டிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டான். அப்புறம் தொரை குனிஞ்சு வயித்தத் தடவிப் பாத்தாரு. தெரிஞ்சுபோச்சு. என்னை ஒரு வார்த்தை சொல்லல்லை. அவங்கிட்ட, தப்பு என்னோடதுன்னு சொன்னாரு. பெறகு அவரு ஆத்துக்கே போகல்லை. அதுக்காகவே ஊருக்கு வந்த மனுஷன்."

மதினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அன்னைக்குக் குளிச்சியளா?" என்று கேட்டாள்.

"தெனமும் குளிக்கேன்" என்றார் அவர். எழுந்து போய்விட்டார். மூன்றாம் மனுஷி நான், என் முன்னால் அவர் அப்படிக் குனிந்து உட்கார்ந்திருந்தது எனக்கே கூச்சமாக இருந்தது. இதைச் சந்தில் யாரிடமும் சொல்வதில்லை என்று மதினியும் நானும் பேசாமலே முடிவு செய்துகொண்டோம். மகளுக்கும் தெரியாது.

அடுத்த வருஷம் சுசீந்திரம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஓவர்சியர். பெண் பார்க்க வந்தபோது அவர் ஏதோ கேட்க, இவள் பட்டென்று ஏதோ பதில் சொல்ல, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும்போது பாட்டு முணுமுணுத்ததை நானே கேட்டேன். எல்லாம் பேசி முடிந்து நிச்சய தாம்பூலத்துக்கு நாள் குறித்த பிறகு, அந்த மீன் சந்தைப் பேச்சு, சீமைக்குப் போன இடத்தில் மீன் தின்னப் பழகிவிட்டார் என்று வளர்ந்து, சுசீந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா பெரிய மனசுக்காரர். இதற்காகச் சம்பந்தத்தை விடவேண்டாம், சபையில் நான் ஒரு வார்த்தை கேட்கிறேன், பெண்ணைப் பெற்றவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதோடு ஊர் வாய் மூடிவிடும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அந்தப் பெருந்தன்மையை மதினி என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஆமாம் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லத் தெரியாத மனுஷரிடம் ஆமாம் சொல்லச் சொன்னால் கசக்குமா?

அன்று காலையில் அவருக்குத் திருநீறு பூசிவிட்டு மதினி சொன்னாள். "நீங்க ஒண்ணும் பேசாண்டாம். கேக்கதுக்குத் தலைய ஆட்டினா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

அவர் தலையாட்டினார்.

கூடத்தில் பாய் விரித்து, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். தாம்பூலத் தட்டு, பழத் தட்டு, பூத் தட்டு எல்லாம் நடுவில் இருந்தன. நானும் பெண்ணும் அறைக்கதவுக்குப் பின்னால். என் காசுமாலை அவள் கழுத்தில். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஊருல ஆயிரம் பேசுவானுவ. சீமைக்குப் போன இடத்துலயும் அண்ணாச்சி நம்ம ஆசாரத்த விடல்லை. அதெனக்குத் தெரியும். அப்படித்தானே அண்ணாச்சி?"

எல்லாருடைய கண்ணும் அந்தத் தலை மேல் இருந்தது. தலை அசையவில்லை.

"இல்லை" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை. பெரியப்பா சிரித்துக்கொண்டே, "என்னது?" என்றார்.

"ஒரு மீனைக் கொன்னிருக்கேன். திங்கல்லை. ஆனா கொன்னது நான்தான். பெத்து எறங்கிப் போய்க்கிட்டிருந்த பச்சை உடம்புக்காரிய."

பெரியப்பா அப்போதும் கைவிடவில்லை. எவ்வளவு நல்ல மனுஷர்! "உத்தியோகம்னு போனா மேல உள்ளவன் சொன்னதைச் செய்யத்தான் வேணும். அது தொரை செய்த காரியம். உங்களுக்கு அதுல என்ன பங்கு?"

"தொரைக்குக் கண்ணு தெரியாது" என்றார் அண்ணாச்சி. "எனக்குத் தெரிஞ்சுது."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். பூத் தட்டிலிருந்த பிச்சிப்பூச் சரத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். அதைத்தான் பெண்ணின் தலையில் வைக்கக் கொண்டுவந்திருந்தாள். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் ஏசவில்லை. செருப்பு மாட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஓவர்சியர் வாசல் வரை போய் ஒரு தடவை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். புழக்கடையிலிருந்து சமையல்காரர் வந்து, "பாயசத்தை என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பக்கத்தில் அந்தப் பெண் காசுமாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கொக்கி வரவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். "அக்கா, எனக்கு அவரு மேல கோவம் வரமாட்டேங்குது. அதுதான் ரொம்ப வெக்கமா இருக்கு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நாலைந்து நாள் கழித்து, கிணற்றடியில் அவர் தனியாக நின்றபோது கேட்டேவிட்டேன். "என்ன அண்ணாச்சி, இப்படிச் செஞ்சிட்டியளே. பெத்த பிள்ளைக்காக ஒரு தலையாட்டு ஆட்டப்படாதா? ஊருக்கெல்லாம் ஆட்டினியளே!"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "ஆத்தங்கரையில சொல்லியிருக்கணும், தங்கச்சி. அன்னைக்கு வரல்லை. அது இப்ப வந்துட்டுது. நான் கூப்பிடல்லை" என்றார். திரும்பவும் வாளியை எடுத்துக்கொண்டார். தண்ணீர் பாதி வழியிலேயே சிந்திப்போனது. நான் ஏன் கேட்டேன் என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு சந்தில் ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஜாதிக் கட்டுப்பாடு என்று ஒன்றும் கிடையாது. வழியில் பார்த்தால் பேசுவார்கள், நலம் விசாரிப்பார்கள். ஆனால் ஏணி வேண்டுமென்றால் அடுத்த தெருவுக்குப் போனார்கள். மழை பெய்தால் நனைந்துகொண்டே போனார்கள். எங்களுக்குத் தெரிந்த மனுஷரிடம் எது கேட்டாலும் கிடைக்கும். இல்லை என்று சொன்ன மனுஷரை எங்களுக்குப் பழக்கமில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும் முன்னால் அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். யாராவது வருகிறார்களா என்று சந்தின் இரண்டு பக்கமும் பார்ப்பார். பிறகு கிளம்பிப் போவார். வீட்டுக்குள் மதினி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். உப்பு வேண்டுமா, மோர் வேண்டுமா என்று அவளும் கேட்பதில்லை.

மகள் பிறகு கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. பொன்முடி அடிவாரத்தில், விதுராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. அங்கேயே இன்னொரு டீச்சரோடு தங்குவது என்று ஏற்பாடு. கிளம்புகிற காலையில் ஒரு தகர டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு நின்றாள். கூலிக்காரனைக் கூட்டிவர மதினி கிளம்பினாள். மகள் அவளைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உள்ளே பார்த்து, "அப்பா" என்று கூப்பிட்டாள். சந்து முழுவதும் கேட்டிருக்கும். "பெட்டிய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவாரியளா?"

இடுப்பு வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர் அப்படியே எழுந்து வந்தார். சட்டை போடவில்லை, செருப்பு போடவில்லை. தோள் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, டிரங்குப் பெட்டியைத் தூக்கி அதன் மேல் ஏற்றிக்கொண்டார். பெரிய கிளார்க்காக இருந்தவர் பட்டப்பகலில் சுமட்டுக்காரனைப் போல நடந்து போகிறார், பின்னால் கைப்பையோடு மகள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழியனுப்ப வாசலுக்கு வர எனக்கு முகம் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெட்டியின் கனத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல், அவர் கண்ணை மட்டும் உருட்டி வலது பக்க வீட்டையும் இடது பக்க வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனார். எங்கள் வீட்டையும் பார்த்தார்.

"அப்பா, நேரே பாத்து நடங்கோ" என்றாள் மகள். "பஸ்ஸு போயிரும்."